நீர்நாய்க்கு இரண்டு சாட்சி

பேருந்து நிறுத்தம் கண்ணில் பட்டால் போதும், மாமனாரின் வலது கால் அவரைக் கேட்காமலே பிரேக்குக்குப் போய்விடும். வேலைக்காலம் முழுவதும் நகரப் பேருந்து ஓட்டிய கால் அது. ஓய்வு பெற்றுவிட்ட சேதியை அதற்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

அன்று காலையும் கடற்கரைச் சாலையில் வேன் அப்படித்தான் குலுங்கி நின்றது. பின்னால் அடுப்பு மேடையிலிருந்து ஒரு கரண்டி உருண்டு விழுந்தது. நிறுத்தத்தில் குடையோடு நின்ற பெண், இது தனக்கான வண்டிதானா என்று நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"ஏத்திக்கோங்க," என்றார் மாமியார் பின்னாலிருந்து. "டிக்கெட் நான் கிழிக்கறேன்."

"கால் தானாப் போகுது. நான் என்ன பண்ண?"

"காலை மட்டும் டிப்போவில விட்டுட்டு வந்திருக்கலாம்."

முன்னிருக்கையில் மாமனாருக்குப் பக்கத்தில் இருந்த மருமகன் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாது என்றில்லை. சிரிக்க வேண்டிய இடம் வந்தது அவனுக்குத் தெரிந்தது. அவனுக்குள் ஓடிய வண்டிதான் அந்த நிறுத்தத்தில் நிற்காமல் போய்விட்டது. ஒரு வருஷமாக அப்படித்தான். அவன் மனைவி ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வராததிலிருந்து.

படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும் இந்த வேனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கடலோரமாகப் போவது மனைவி வீட்டாரின் பழைய வழக்கம். காட்டு விலங்குகளைப் பார்ப்பதற்காக என்று சொல்லிக்கொள்வார்கள். கல்யாணமான பிறகு அவனும் சேர்ந்துகொண்டான். போன வருஷம் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இந்த வருஷம் ஒரு நாள் காலையில் அவன் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தது. மாமனார் ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே, "ஏறுங்க மாப்ளே, வண்டி கிளம்பப் போகுது," என்றார். பின் சன்னலில் மாமியாரின் தலை தெரிந்தது. "போர்வை நான் வச்சிருக்கேன், பல்லு விளக்கற பிரஷ் மட்டும் எடுத்துக்கோங்க." மறுப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். தேடிப் பார்த்தான், கிடைக்கவில்லை. ஏறிவிட்டான்.

இந்தப் பயணத்துக்கு ஒரு சட்டம் உண்டு. போட்டவர் மாமியார். அவர் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தவர். சாட்சிகள் சொல்வதைச் சொன்னபடியே தட்டித் தட்டி, மனிதர்கள் எந்த இடத்தில் பொய் சொல்லத் தொடங்குவார்கள் என்பது அவர் விரல்களுக்கே தெரியும் என்பார். எந்த விலங்கானாலும் இரண்டு பேர் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் மட்டும் பார்த்தது பார்த்ததில் சேராது. முதலில் கண்டுபிடித்தவர் அன்றைக்குப் பாத்திரம் கழுவ வேண்டாம்.

மாமனார் இந்தத் தடவை கிளம்பியதிலிருந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறார்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் அவருக்கு ஒன்றும் அமையவில்லை. ஒரு பாறையைக் கடல்நாய் என்றார். கவிழ்த்துவைத்த படகைக் காட்டுப்பன்றி என்றார். கறுப்பு பிளாஸ்டிக் பை ஒன்றை நீர்க்காகம் என்றார். அது காற்றில் எழும்பிப் போய் வேலிக்கம்பியில் மாட்டிக்கொண்ட பிறகும், "இறக்கையைக் காயவைக்குது, அதோட பழக்கமே அதுதான்," என்று விடாமல் வாதாடினார்.

"பக்கத்துல போய்ப் பாருங்க," என்றார் மாமியார். "அந்த நீர்க்காகத்து மேல கடைப் பேரு அச்சடிச்சிருக்கு."

முன்பெல்லாம் இந்த நிலைமை வராது. மகள் இருந்தாள். அப்பா எதைக் காட்டி என்ன சொன்னாலும், "ஆமாப்பா, நானும் பார்த்தேன்," என்று ஒரு குரல் வந்துவிடும். "கூட்டுக் களவாணிங்க," என்று மாமியார் தலையில் அடித்துக்கொள்வார். அப்பாவும் மகளும் அந்தப் பயணங்களில் ஒரு தட்டைக்கூடத் தொட்டதில்லை.

மருமகனிடம் அந்த வித்தை செல்லாது. அவன் வேலை செய்வது பாட்டில் தொழிற்சாலையில், தரம் பார்க்கும் பிரிவில். வெளிச்சப் பலகைக்கு முன்னால் பாட்டில்கள் வரிசையாக நகர்ந்து வரும். குமிழி, விரிசல், கோணல் வாய் எது இருந்தாலும் எடுத்து ஒதுக்க வேண்டும். சந்தேகம் வந்தாலே ஒதுக்க வேண்டும். படித்துப் பட்டம் வாங்கி அவன் செய்வது இதைத்தான். நன்றாகச் செய்வான். இந்த ஒரு வருஷத்தில் இன்னும் நன்றாகச் செய்தான். பாட்டில்களுக்கு முன்னால் நிற்கும்போது வேறு எதுவும் தேவைப்படவில்லை.

"மாப்ளே, நீர்க்காகம்தானே அது?"

"பை மாமா."

"ஒரு பேச்சுக்குச் சொல்லக் கூடாதா?"

மாமனார் கியரை மாற்றினார்.

பாறையும் படகும் பையும் ஒரு பொருட்டே இல்லை என்பது அவனுக்குத் தெரியும். இந்தப் பயணம் ஒரு நீர்நாய்க்காகத்தான். நாளைக் காலை கழிமுகத்துக்குப் போய்ச் சேர்வார்கள். அங்கே மாமனார் அவனிடம் ஒரு கேள்வி கேட்பார். அதை நினைத்தபோது மட்டும், வேறு எதற்கும் அசையாத அவன், சன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நீர்நாய் வழக்கு இதுதான். எல்லோருமாகப் போன கடைசிப் பயணத்தில், ஆறு கடலில் சேரும் அந்தக் கழிமுகத்தில் வேனை நிறுத்தியிருந்தார்கள். அப்பாவும் மகளும் தண்ணீர் பிடிக்கப் போனார்கள். வாளி ததும்பத் ததும்ப ஓடிவந்து, நீர்நாயைப் பார்த்தோம் என்றார்கள். பழுப்பு நிறம், இவ்வளவு நீளம், வாயில் மீன். அந்தக் கரையில் யாரும் அதுவரை நீர்நாயைப் பார்த்ததாகச் சொன்னதில்லை. மாமியார் இருவரையும் தனித்தனியாக விசாரித்தார். தீர்ப்பு உடனே வந்தது.

"அவ சிரிச்சுக்கிட்டே சொல்றா. சிரிச்சுக்கிட்டே சொல்ற சாட்சி செல்லாது."

அப்பாவும் மகளும் ஒற்றைக் காலில் நின்றார்கள். மாமியார் மசியவில்லை. அதன்பிறகு வீட்டில் எது காணாமல் போனாலும், "நீர்நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்," என்பது மாமியாரின் வழக்கமாகிவிட்டது. சாவி, மூக்குக் கண்ணாடி, ஒரு தடவை சமையல் எரிவாயு ரசீது. வழக்கு முடியவில்லை. சாட்சி போய்விட்டாள்.

மாமனாருக்கும் மாமியாருக்கும் தெரியாத ஒன்று அவனுக்குத் தெரியும். அன்றைக்கே அவள் அவனிடம் சொல்லிவிட்டாள்.

"நான் எங்க பார்த்தேன்? குனிஞ்சு குழாயைத் திருகிட்டு இருந்தேன். அப்பா நீர்நாய்னு கத்தினார். நிமிர்றதுக்குள்ள ஒண்ணும் இல்ல. அவர் மூஞ்சியைப் பார்த்தா பாவமா இருந்துச்சு. ஆமாப்பான்னுட்டேன்."

"மீன்?"

"அது சும்மா, ஒரு எடுப்புக்கு." சொல்லிவிட்டுத் தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு சிரித்தாள். படுக்கைப் பலகை ஆடியது.

அந்தச் சிரிப்பு அவனுக்கு இப்போதும் நினைவிருக்கிறது. சத்தத்தோடு நினைவில்லை. பலகை ஆடியது நினைவிருக்கிறது.

மதியத்துக்குப் பிறகு மாமியார் ஒரு மானைக் கண்டுபிடித்தார். மணல்மேட்டின் உச்சியில், புதர்களுக்கு நடுவே, குட்டியோடு நின்றது. காதுகள் மட்டும் தனியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தன. அவர் சத்தம் போடாமல் மருமகனின் தோளைத் தட்டினார். அவன் பார்த்தான். தாயும் குட்டியும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தன.

"பார்த்தீங்களா மாப்பிள்ளை?"

"பார்த்தேன் அத்தை. ரெண்டு."

"எங்க? எங்க?" மாமனார் பிரேக்கை மிதித்தார். மணல்மேடு மட்டும் இருந்தது.

"மானுங்களுக்கு பஸ் ஸ்டாப் கிடையாதுங்க," என்றார் மாமியார். "நீங்க நிறுத்தற வரைக்கும் அதுங்க நிக்காது."

சாயங்காலம் வேறொரு மேட்டின் அடிவாரத்தில் வேனை நிறுத்தினார்கள். மாமனார் மடக்கு நாற்காலியை விரித்து, செருப்பைக் கழற்றிவிட்டு, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தார். "நான் தூங்கல, கவனிச்சுக்கிட்டு இருக்கேன்," என்றார். கொஞ்ச நேரத்தில் தொப்பி ஏறி இறங்கத் தொடங்கியது. மாமியார் வேன் படியில் உட்கார்ந்து உருளைக்கிழங்குத் தோல் சீவினார். மருமகன் பக்கத்தில் வெங்காயம் நறுக்கினான். வெங்காயத்துக்கு மட்டும் அவன் கண் இன்னும் ஒத்துழைத்தது.

புதரிலிருந்து நரி வந்தது.

அவசரம் இல்லாமல் வந்தது. குப்பை வாளியை மோந்து பார்த்தது. திருப்தி இல்லை. பிறகு நாற்காலிக்குப் பக்கத்தில் போய், மாமனாரின் இரண்டு செருப்புகளையும் மாறி மாறி மோந்து, கடையில் செருப்பு எடுக்கிறவன்போல் யோசித்து, இடது காலுக்குரியதைக் கவ்விக்கொண்டது. அவன் எழுந்திருக்கப் போனான். மாமியார் கத்தி பிடித்த கையாலேயே அவன் முழங்காலை அழுத்தினார்.

"சத்தம் போடாதீங்க. காட்டு விலங்கைத் தொந்தரவு பண்ணக் கூடாது."

"செருப்பு அத்தை..."

"பழசுதான். போகட்டும்."

நரி ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, வந்ததுபோலவே அவசரமில்லாமல் புதருக்குள் போனது.

மாமனார் விழித்தவுடன் கால்களால் மணலைத் துழாவினார். "என் செருப்பு எங்க?"

"நரி எடுத்துட்டுப் போயிடுச்சு."

"காதுல பூ சுத்தாத."

"ரெண்டு சாட்சி இருக்கு. மாப்பிள்ளையைக் கேளுங்க."

மாமனார் அவனைப் பார்த்தார். பை என்றால் பை என்று சொல்கிற மருமகன்.

"நரிதான் மாமா. இடது செருப்பைத்தான் எடுத்துச்சு."

மாமனார் மிச்சமிருந்த வலது செருப்பைக் கையில் எடுத்து, அதுவும் ஏதாவது சொல்லுமா என்பதுபோல் பார்த்தார். "என் செருப்பு. என் காலடியில. நான் மட்டும் பார்க்கல."

"சாட்சிக்காரங்க பார்த்துட்டோம். பறிகொடுத்தவர் பார்த்தே ஆகணும்னு சட்டம் இல்ல," என்று சொல்லி, தன் குளியலறைச் செருப்பை எடுத்து அவர் முன்னால் போட்டார் மாமியார். ரோஜா நிறம், மேலே பிளாஸ்டிக் பூ. மாமனார் மாட்டிக்கொண்டு நின்றார். குதிகால் பாதி வெளியே தொங்கியது. நடந்தார். பூ ஆடியது.

மாமியார் சட்டென்று கத்தியை நீட்டினார். "மாப்பிள்ளை சிரிச்சார். இப்ப. உதடு அசைஞ்சுது. நான் பார்த்தேன்."

மாமனார் வேகமாகத் திரும்பினார். மருமகன் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் பார்க்கலையே," என்றார் மாமனார். "ஒத்தைச் சாட்சி. செல்லாது." அன்றைக்கு முதல்முறையாக அவர் குரலில் ஒரு தெம்பு இருந்தது. அந்தத் தெம்போடேயே பாத்திரம் கழுவப் போனார்.

மறுநாள் விடிந்ததும் கழிமுகத்துக்கு வந்துவிட்டார்கள். கடல் உள்வாங்கியிருந்தது. ஆறு, கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்ற யோசனையில் பரந்து கிடந்தது. கரையின் ஒரு பக்கம் நாணல். மறு பக்கம் கற்கள். தண்ணீர்க் குழாய் அதே இடத்தில், அதே துருவோடு நின்றது. அவள் குனிந்து திருகிய குழாய்.

மாமனார் ரோஜா நிறச் செருப்போடு கற்கள்மேல் தத்தித் தத்திப் போனார். மருமகன் பின்னால் போனான். மாமியார் கெட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு, "நான் மேல அந்த வளைவுல கழுவிட்டு வரேன். நீங்க உங்க நீர்நாயோட பேசிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு நாணல் பக்கமாக மறைந்தார்.

இருவரும் ஒரு தட்டைக் கல்லில் உட்கார்ந்தார்கள். ஒரு கொக்கு மட்டும் வேலைக்கு வந்திருந்தது. மாமனார் கண்களைச் சுருக்கிக்கொண்டு தண்ணீரையே பார்த்தார். வெகுநேரம் எதையும் நீர்நாய் என்று சொல்லவில்லை. ஒரு மரக்கட்டை மிதந்து வந்தது. அதைக்கூட மரக்கட்டை என்றார். மருமகனுக்கு அதுதான் பயமாக இருந்தது.

"மாப்ளே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அத்தைகிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்லுங்க மாமா."

"அன்னைக்கு நான் என்ன பார்த்தேன்னு எனக்கே சரியாத் தெரியாது." அவர் செருப்பின் பூவைப் பார்த்துக்கொண்டு பேசினார். "வெயில் கண்ணுக்கு நேரா அடிச்சுது. பழுப்பா ஏதோ ஒண்ணு முங்கின மாதிரி இருந்துச்சு. வாயைத் தொறந்தா நீர்நாய்னு வந்துடுச்சு. என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே. சரி, கட்டையோ என்னவோன்னு நானே சொல்லலாம்னு திரும்பறேன். அதுக்குள்ள அவ, 'ஆமாப்பா, வாயில மீன்'ங்கறா. மீன்! நான் மீனைப் பார்க்கவே இல்லை. அப்பதான் எனக்கு நிச்சயமாச்சு. என் கண்ணுக்கு அகப்படாதது அவ கண்ணுக்கு அகப்பட்டிருக்கு."

கொக்கு ஒரு காலை மாற்றிக்கொண்டது.

"என் வாழ்நாள்ல நான் சொன்னதுல நிஜமா இருந்த ஒரே விலங்கு அது. அதுவும் அவ பார்த்ததால." அவர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். "இப்பக் கொஞ்ச நாளா ஒரு நினைப்பு. கிழவன்தானேன்னு சும்மா தலையாட்டிட்டுப் போயிருப்பாளோன்னு. உங்ககிட்ட ஒளிக்க மாட்டா. என்ன சொன்னா? நீங்க பையைப் பைன்னு சொல்றவர். அதான் உங்களைக் கேட்கறேன்."

இப்படிக் கேட்பார் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் இந்த முதல் பாதி தெரியாது. அப்பாவைப் பார்த்து அவள் ஆமாம் என்றாள். அவளைப் பார்த்து அப்பா நம்பினார். இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நின்ற இடத்தில் நடுவே நீர்நாய் இல்லவே இல்லை. இதை அறிந்த ஒரே ஆள் உயிரோடு இந்தக் கல்லில் உட்கார்ந்திருக்கிறான். வாயைத் திறந்தால் உண்மை வந்துவிடும். திறக்காவிட்டால் அதுவே பதிலாகிவிடும். மாமனார் அவன் உதடுகளையே பார்த்தார்.

"மாமா, அவ வந்து..."

"நீர்நாய்!"

நாணலுக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது சத்தம். மாமியாரின் குரல். எதற்கும் சத்தம் போடாத குரல்.

"நீர்நாய்! வாங்க, வாங்க, சீக்கிரம்! ஐயோ, போகுதே!"

மாமனார் எழுந்த வேகத்தில் ஒரு ரோஜாச் செருப்பு கல்லிடுக்கில் மாட்டிக்கொண்டது. அதை விட்டுவிட்டு ஓடினார். மருமகன் அவரை முந்திக்கொண்டு ஓடினான். எதற்காகவாவது ஓடி வெகுகாலம் ஆயிற்று. மூச்சு உடனே வாங்கியது. நாணலை விலக்கிக்கொண்டு போனால், வளைவில் மாமியார் கெட்டிலை உயர்த்திப் பிடித்து ஆற்றைக் காட்டிக்கொண்டு நின்றார். தண்ணீரில் வட்டம் ஒன்று விரிந்துகொண்டிருந்தது. ஒரு மீன் துள்ளினாலும் வரக்கூடிய வட்டம். ஒரு கல் விழுந்தாலும் வரக்கூடிய வட்டம்.

"எங்க? எங்க?" மாமனார் தண்ணீருக்குள்ளேயே இறங்கிவிட்டார். "எந்தப் பக்கம்?"

"இப்பதான், இதோ! நீங்க மணியடிச்சு வண்டியை எடுத்து வர்றதுக்குள்ள போயிடுச்சு!"

"நான் பார்க்கலையே! கடவுளே, இப்பவும் நான் பார்க்கலையே!" அவர் தொடையளவு தண்ணீரில் நின்று நாலா பக்கமும் திரும்பினார். பிறகு நினைவு வந்து மெதுவாகக் கேட்டார். "அப்ப, ஒத்தைச் சாட்சிதானா?"

மாமியார் கெட்டிலை இறக்கினார். சட்டம் அவருடையது. அதை மீற அவருக்கு மனமில்லை. அவர் திரும்பி மருமகனைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை. நீங்க முன்னால வந்தீங்களே. பார்த்தீங்களா?"

அவன் பார்த்தது வட்டம். வட்டம் இப்போது கரையைத் தொட்டு முடிந்துவிட்டது. வெளிச்சப் பலகையில் என்றால் அவன் கை இதற்குள் ஒதுக்கியிருக்கும்.

"பார்த்தேன் அத்தை," என்றான்.

மாமனார் தண்ணீரில் அப்படியே நின்றார். மாமியாரின் கண்கள் கொஞ்சம் இடுங்கின. பழக்கம் விடவில்லை.

"என்ன பார்த்தீங்க?"

"பழுப்பு நிறம்."

"எந்தப் பக்கம் போச்சு?"

"வலது பக்கம்."

"அப்புறம்?"

அவனுக்கு வேறு எதுவும் தெரியவில்லை. தெரிந்ததைச் சொன்னான்.

"வாயில மீன்."

கொக்கு பறந்துபோகும் சத்தம் கேட்டது. மாமியார் அவனையே பார்த்தார். எத்தனையோ சாட்சிகளைத் தட்டிய விரல்கள் கெட்டிலின் கைப்பிடியில் ஒருமுறை அசைந்தன. பிறகு மூக்கை உறிஞ்சினார்.

"சரி," என்றார். "ரெண்டு சாட்சி. செல்லும். இந்த ஆத்துல நீர்நாய் இருக்கு."

"அப்ப அன்னைக்குப் பார்த்தது?" மாமனார் கரையேறி வந்தார். கால்சட்டையிலிருந்து தண்ணீர் ஒழுகியது.

"அன்னைக்கும் இருந்திருக்கும். அதுதான் நிரூபணம் ஆயிடுச்சே. நான் போட்ட தீர்ப்பு தப்பு. போதுமா?"

மாமனார் மணலில் பொத்தென்று உட்கார்ந்தார். முகத்தை இரண்டு கைகளாலும் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு கைகளுக்கு நடுவிலிருந்து கேட்டார். "மாப்ளே, அதே மீனா?"

"அது எப்படிங்க அதே மீனா இருக்கும்?" என்றார் மாமியார். "இவ்வளவு நாள் வாயிலேயே வச்சிருந்தா நாறிடாது?"

மாமனார் சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாகி மறுபடி சிரிப்பானது. அது அடங்கியதும் மருமகனின் கையைப் பிடித்துக்கொண்டார். "அவ உங்ககிட்ட சொல்லியிருக்காளா?"

"சொல்லியிருக்கா மாமா. அன்னைக்கே சொன்னா. மீனைப் பத்தி."

அது பொய் இல்லை. எந்த வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் அதில் விரிசல் இல்லை.

கிளம்புகிற நேரத்தில், பாத்திரம் யார் கழுவுவது என்ற பேச்சு வந்தது. மாமியார் முதலில் பார்த்தவர். மாமனார் பழைய வழக்கில் ஜெயித்தவர். பாத்திரம் கழுவாமலிருக்கும் சலுகை அவருக்கு அன்றிலிருந்தே பாக்கி. மருமகன்தான் மிச்சம். அவன் வேனின் வெளிக் குழாயடியில் தட்டுகளையும் டம்ளர்களையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். கடைசியில் கெட்டிலை எடுத்தான். மூடியைத் திறந்து, பழக்கத்தில், வானத்தின் பக்கம் சாய்த்துப் பார்த்தான்.

நேற்றைய தேயிலை அடியில் அப்படியே காய்ந்து ஒட்டியிருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் அதற்குள் போகவில்லை.

மாமியார் பக்கத்தில் நின்று துண்டை உதறிக்கொண்டிருந்தார். அவர் கொண்டுவந்திருந்த ஒரே செருப்பும் மாமனாரிடம் இருந்ததால் காலையிலிருந்து வெறுங்கால்தான். அந்தக் கால்களைப் பார்த்தான். சேறு இல்லை. ஈரம் இல்லை. தண்ணீருக்கு அருகே போன கால்கள் இல்லை அவை. நாணலுக்கு அந்தப் பக்கம் நின்று, இந்தப் பக்கம் கல்லில் பேசியதைக் கேட்ட கால்கள். ஆற்றில் ஒரு கல்லைப் போட அவ்வளவு கிட்டே போக வேண்டியதும் இல்லை.

"அத்தை," என்றான் மெதுவாக. "கெட்டிலைக் கழுவலையே நீங்க."

"நீர்நாயைப் பார்த்த பதட்டத்துல மறந்துட்டேன்."

"காலும் நனையல."

மாமியார் துண்டை மடித்தார். ஓரத்தோடு ஓரம் வைத்து, நீவி, இன்னொரு மடிப்பு மடித்தார். எஞ்சினைச் சூடேற்றிக்கொண்டிருந்த மாமனாரை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"குறுக்கு விசாரணையா மாப்பிள்ளை? உங்க மீனைப் பத்தி நான் ஏதாவது கேட்டேனா?"

அது எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியாது. முதலில் தோள் ஆடியது. பிறகு கையிலிருந்த கெட்டில் ஆடியது. மூடி கழன்று தட்டுகள்மேல் விழுந்து கணகணத்தது. சத்தம் வராமல் அடக்க முழங்கையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டான். அடங்கவில்லை.

"மாப்ளே சிரிக்கிறார்!" ஓட்டுநர் இருக்கையிலிருந்து ஒரு கூச்சல். இறங்குகிறவர்களையும் ஏறுகிறவர்களையும் பக்கக் கண்ணாடியிலேயே பார்த்துப் பழகியவர் மாமனார். "கண்ணாடியில பார்த்தேன்! நான்தான் முதல்ல பார்த்தேன்! சாட்சி வேணும், சீக்கிரம்!"

"நானும் பார்த்தேன்," என்றார் மாமியார். துண்டின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செல்லும்," என்றார்.

அவன் கெட்டிலைக் கழுவினான். ஒட்டியிருந்த தேயிலையை விரலால் சுரண்டிச் சுரண்டி எடுத்தான். சிரிப்பு எப்போது நின்றது, முகம் எப்போது நனைந்தது என்று அவன் கவனிக்கவில்லை. குழாய் ஓடிக்கொண்டிருந்ததால் மற்றவர்களும் கவனிக்க வேண்டியிருக்கவில்லை.

வேன் கிளம்பியது. மாமனார் ஒரு காலில் ரோஜாச் செருப்பும் மறு காலில் தன் பழைய வலது செருப்புமாக ஓட்டினார். இடப் பக்கம் ஒரு முயல், வலப் பக்கம் ஒரு கழுகு, தூரத்தில் திமிங்கிலமாக இருக்கலாம் என்று நினைக்கத்தக்க ஓர் அலை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். மாமியார் ஒவ்வொன்றையும் தள்ளுபடி செய்தார். மருமகன் ஈரக் கெட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"கழுகு மட்டும் இருந்துச்சு," என்றான்.

"சொன்னேன்ல!" என்றார் மாமனார்.

சாலை வளைந்தது. பேருந்து நிறுத்தம் ஒன்று வந்தது. கூரை, ஒரு பெஞ்சு, ஆள் யாரும் இல்லை. கால் தன் வேலையைச் செய்தது. கரண்டி உருண்டு விழுந்தது. இந்தத் தடவை மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் ஏறவில்லை, யாரும் இறங்கவில்லை. மாமனார் உடனே வண்டியை எடுக்கவும் இல்லை.